சவுதா உம்மாவின் முன்பல் செட்

ஓய்வு பெற்ற தாதிக்கு இரண்டு வகையான தொலைபேசி அழைப்புகள்தான் வரும். தெரிந்த யாருக்கோ பிரஷர் பார்க்கவேண்டும் என்பது ஒன்று. தெரிந்த யாருக்கோ ஊசி போடவேண்டும் என்பது மற்றது. சென்ற மாதம் மூன்றாவது வகையில் ஒன்று வந்தது. என்னுடைய இடத்தில் இப்போது பொறுப்பாக இருக்கும் ரஜனி எடுத்திருந்தாள்.

"அக்கா, எங்களுக்குப் புதுக் குழாய் வந்திருக்கு. நல்ல மெல்லிசு. கழுவுறதுக்கும் தனி மெஷின். பழைய காலத்தில நீங்க எப்பிடிச் செஞ்சீங்க எண்டு எழுதித் தாங்களேன். புதுசா வந்த புள்ளைகளுக்கு வாசிக்கக் குடுக்கணும்."

"எழுதுறன்" என்றேன்.

"ஆனா அக்கா, அந்தப் பல்லுக் கதையை மட்டும் எழுதவேணாம். புள்ளைகள் எங்களை மதிக்காதுகள்."

ஆகவே அந்தப் பல்லுக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தாதேவி. நோயாளர்களுக்கு வசந்தா மிஸி. தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும் முறை இன்றைக்கும் கனவில் வரும், மற்றதெல்லாம் வாட்டில் திட்டு வாங்கிப் படித்தவை. மட்டக்களப்பில் நான் வேலை செய்த கடைசிப் பன்னிரண்டு வருடமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் யாருக்காவது உயிர் ஊசலாடினால் நாங்களும் சாமான்களைத் தள்ளிக்கொண்டு அங்கே ஓடவேண்டும். அந்தச் சாமான்களில் ஒன்றுதான் ரஜனி சொன்ன குழாய்.

இதயத்தை ஸ்கேன் பண்ணுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நெஞ்சில் பசை பூசிக் கருவியை வைத்து அழுத்துவார்கள். ஆனால் நெஞ்செலும்பும் காற்று நிறைந்த நுரையீரலும் கொழுப்பும் குறுக்கே நிற்கும். செயற்கைச் சுவாசம் போட்டு மல்லாக்கக் கிடத்திய நோயாளியில், திரையில் தெரிவது பலவேளை மாரிகாலத்து மூடுபனிதான். அப்போது பின்பக்கத்தால் போகவேண்டும். உணவுக்குழாய் இதயத்தின் முதுகை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. எங்களுடைய குழாய் சின்னிவிரலைவிடக் கொஞ்சம் தடிப்பு, கறுப்பு நிறம். நுனியில் ஸ்கேன் கருவி, பிடியில் இரண்டு சின்னச் சக்கரங்கள், நாங்கள் சில்லு என்போம். சில்லைத் திருப்பினால் நுனி முன்னும் பின்னும் வளையும். அதை வாய்வழியாக இறக்கினால் இதயம் பக்கத்து வீட்டு யன்னல் போலத் தெளிவாகத் தெரியும்.

இந்தச் சோதனையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி டொக்டர்மார் 'டோ' என்பார்கள். அதனால் வந்த வினை ஒன்றுண்டு. வந்தாறுமூலையிலிருந்து ஒரு ஆசிரியர் தன் தாயாரைக் கூட்டிவந்திருந்தார். நாளைக்கு அம்மாவுக்கு டோ பார்க்கிறோம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆங்கிலம் தெரிந்த மனிதர், 'டோ' என்றால் கால்விரல் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தாயாரின் இரண்டு காலையும் தேய்த்துக் கழுவி, மெட்டியைக் கழற்றி, விரல்களுக்குப் பவுடரும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நான் வாயைத் திறக்கச் சொன்னபோது அந்த அம்மா மகனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

எங்களுக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்தவர் டொக்டர் தவராசா. மயக்கமருந்து நிபுணர், யாழ்ப்பாணத்தவர், ஒல்லியான உயரமான மனிதர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். 'தயவுசெய்து' என்று ஒரு தடவை சொன்னால் வேலை நடக்கவேண்டும் என்று அர்த்தம். இரண்டு தடவை சொன்னால் வேலை பிழையாகிவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் தடவை கேட்ட ஒருவர் அந்தக் கிழமையே இடமாற்றத்துக்கு எழுதிப்போட்டார்.

குழாயை இறக்கும்போது மட்டும் அவர் வேறு ஆள். நாடியை மெல்லத் தூக்கி, பசை பூசிய நுனியை நாக்கின் நடுவால் விட்டு, தொண்டையில் தட்டியதும் அப்படியே நின்றுவிடுவார். தள்ளவே மாட்டார். "நாங்கள் விருந்தாளியள் சிஸ்டர். கதவை உடைச்சுக்கொண்டு போறேல்லை" என்பார். சில்லுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு குழாயை நகர்த்தினால் உள்ளே கிழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் "சில்லு?" என்று கேட்பார். "பூட்டல்ல சேர்" என்று நான் சொல்லவேண்டும். பூட்டவில்லை என்று அவருக்கே தெரியும், பிடி அவருடைய கையில்தானே இருக்கிறது. ஆனாலும் கேட்பார், நானும் சொல்லவேண்டும்.

அவர் எங்களைப் பழக்கிய விதம்தான் என் மானத்தை வாங்கியது. நோயாளர்களுக்குப் பாவிக்கமுடியாதென்று ஒதுக்கிய ஒரு பழைய குழாய் இருந்தது. படம் மட்டும் காட்டும். ஒரு வாளி தண்ணீரில் மாட்டு இதயத்தைப் போட்டு, அந்தக் குழாயால் பார்த்துப் பழகலாம் என்றார். வாங்கிவரும் வேலை என்னுடையது. காத்தான்குடியில் ஒரு இறைச்சிக் கடைக்குப் போனேன்.

"இதயமா மிஸி? அது அவியாது. ஈரல் எடுங்க, இண்டைக்கு நல்லா இரிக்கி" என்றார் கடைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"சமைக்க இல்ல காக்கா. படிக்க."

"படிக்கவா?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது கடை நிறையச் சனம். என்னைக் கண்டதும் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்: "ஆஸ்பத்திரி மிஸிக்குப் பாடப் புத்தகம் ஒண்டு எடுத்துவைங்க!"

என் மாமியார் முட்டைகூடத் தொடாத சைவம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்தச் சனத்துக்குள் நின்றிருக்கிறாள். நான் வீடு போய்ச்சேர முதல் செய்தி போய்ச்சேர்ந்துவிட்டது. மாட்டு இதயத்தில் நான்கு வால்வுகளையும் கண்டுபிடிக்க ஒரு மாதம் எடுத்தது. மாமியார் என்னோடு பேச அதைவிடக் கொஞ்சம் கூட எடுத்தது.

இறக்குவதும் பார்ப்பதும் டொக்டரின் வேலை. இறக்க முதல் கேட்பதும், எடுத்த பின் கழுவுவதும் என்னுடைய இராச்சியம். வெளியே வந்த உடனேயே ஈரத் துணியால் துடைக்கவேண்டும், காய விட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதற்கென்றுள்ள சவர்க்காரத் தண்ணீர். பிறகு வெளிச்சத்தில் பிடித்து, பல்லுப் பட்ட தழும்பு இருக்கிறதா என்று விரல்விரலாகத் தடவவேண்டும். பிறகு கிருமிநீக்கித் திரவத்தில் கழுத்துவரை ஊறவைத்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். பிடி நனையக்கூடாது. நனைத்தால் அது ஓய்வு பெறும், நனைத்தவரும் பெறலாம். கடைசியாகக் கழுவி, சுருட்டாமல், நீட்டாகத் தொங்கவிடவேண்டும்.

கேட்கவேண்டியவை ஒரு தாளில் இருந்தன. விழுங்கக் கஷ்டமா, தொண்டையில் ஏதும் வெட்டியதா, இரத்தமாகச் சத்தி, அதாவது வாந்தி, எடுத்ததா, கடைசியாக எப்போது சாப்பிட்டது, பல் ஆடுகிறதா, கழற்றும் பல்லா. அந்தத் தாளை நானே கையால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, குழாய்ப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. ஓட்டமாவடியைச் சேர்ந்த சவுதா உம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். தொதல் என்ற இனிப்பைக் கிண்டி விற்கிறவர், பருத்த உடம்பு, பல வருடமாகப் பிரஷர். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நாளாகச் சத்தியும் வயிற்றோட்டமும். வாழைச்சேனையில் சேலைன் ஏற்றி அம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். வரும் வழியில் மூச்சுத் திணறத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் போனபோது செயற்கைச் சுவாசக் குழாய் போட்டாயிற்று. மேல் பிரஷர் எழுபது. நுரையீரல் முழுக்க நீர்ச் சத்தம்.

அங்கே நின்ற இளம் டொக்டர் வியர்த்துப்போயிருந்தார். "சேர், ஹார்ட் ஃபெய்லியர் எண்டுதான் நினைக்கிறன். சேலைனை நிப்பாட்டிட்டன். அட்ரினலின் போகுது. கூட்டக் கூட்ட பிரஷர் இறங்குது சேர்."

நியாயமாகத்தான் செய்திருந்தார். நுரையீரலில் நீர் என்றால் இதயம் களைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். களைத்த இதயத்தை விரட்டத்தான் அந்த மருந்து. டொக்டர் தவராசா நெஞ்சுக்கு மேலால் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார். மூடுபனி. என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார்.

"சிஸ்டர், குழாய்."

பிரஷர் அறுபத்திரண்டு. நான் பெட்டியைத் திறந்தேன். கடிதடுப்பு வளையத்தைப் பல்லுக்கிடையில் வைத்தேன், பசை பூசினேன், கொடுத்தேன். "சில்லு?" "பூட்டல்ல சேர்." குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது. திரையில் இதயம் வந்தது.

காத்தான்குடி வாளிகளில் நான் பார்த்தவை எல்லாம் விரிந்து கிடந்த இதயங்கள். இது இறுகப் பொத்திய கைபோல இருந்தது. சுவர்கள் தடித்து, நடுவில் இடமே இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவரோடு சுவர் முட்டியது.

"சேர், நல்லாத்தானே அடிக்குது?" என்றார் இளம் டொக்டர்.

"அளவுக்கு மிஞ்சி அடிக்குது. இதைப் பாருங்கோ." டொக்டர் விரலால் திரையைத் தொட்டார். வால்வின் ஒரு இதழ், இரத்தம் வெளியே போகும் பாதைக்குள் இழுபட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் அதை அடைத்தது. "பிரஷரால தடிச்ச இதயம். வயித்தோட்டத்தில உள்ளுக்கு இரத்தம் காணாது. வெறும் பானையை நாங்கள் போட்டு விரட்டுறம். வாசல் மூடுப்படுது. வெளியில போகேலாத இரத்தம் நுரையீரலுக்குத் திரும்பிப் போகுது. அதுதான் அந்த நீர்." பிறகு என்னிடம் சொன்னார்: "அட்ரினலினை நிப்பாட்டுங்கோ."

முப்பது வருடத்துக்கு மேலாக நான் கற்றதெல்லாம், பிரஷர் விழுகிற ஆளுக்கு அந்த மருந்தைக் கூட்டவேண்டும் என்பதுதான். என் விரல் பம்பின் மேல் இருந்தது. அது அசையவில்லை.

"தயவுசெய்து, சிஸ்டர்."

நிறுத்தினேன். அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்திநாலு. இளம் டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். சேலைனைக் கையால் பிழிந்து ஏற்றினோம். இரத்தக் குழாய்களை இறுக்கும் வேறொரு மருந்தும், துடிப்பை மெதுவாக்க இன்னொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. டொக்டர் குழாயை எடுக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே "இன்னும் குடுங்கோ" என்றார். பொத்திய கை மெல்ல மெல்ல விரிந்தது. நடுவில் இடம் வந்தது. வால்வு இதழ் தன் இடத்துக்குத் திரும்பியது. பிரஷர் எழுபது, எண்பத்தைந்து, நூற்றிப்பத்து. நான் நோயாளியின் கட்டிலையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரை எங்கள் பிரிவுக்கு மாற்றி அரைமணி கழித்து, கழுவும் தொட்டியில் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்திருப்பேன். பெட்டியிலிருந்த என் சொந்தக் கையெழுத்துக் கண்ணில் பட்டது. கழற்றும் பல்லா?

ஓடிப்போய் சவுதா உம்மாவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. அந்த இடத்து முரசு, அதாவது ஈறு, ஆறி வழுவழுப்பாக இருந்தது. வெளியே மகள் பரீனா வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"மகள், உம்மாக்கு முன்பல்லு..."

"செட் போட்டிரிக்கா மிஸி. பிளாஸ்டிக் செட். கழட்டவே மாட்டா. படுக்கக்குள்ளயும் போட்டுத்தான் படுப்பா."

பிளாஸ்டிக் என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது. மூச்சுக்குழாயில் போயிருந்தால் நுரையீரல் பழுதாகும். குடலில் போயிருந்தால் அதன் கூர் விளிம்பு குத்திக் கிழிக்கும். இன்னொன்றும் மனதில் ஓடியதை மறைக்கமாட்டேன். கலியாண வீடு, வாழைச்சேனை, அம்புலன்ஸ் என்று அந்தப் பல் விழ எத்தனையோ இடம் இருந்தது. நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்த யோசனையோடு நடந்தேன். பிறகு டொக்டரின் அறைக் கதவைத் தட்டினேன்.

"சேர், பல்லைக் கேக்க மறந்திட்டன். செட் ஒண்டைக் காணல்ல."

பேனாவை மூடினார். தயவுசெய்துகளை எண்ணத் தயாராக நின்றேன். "நானும் கேக்கேல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

தொண்டையைப் பார்த்தார், இல்லை. மெல்லிய கமராவை நுரையீரலுக்குள் விட்டுப் பார்த்தார், இல்லை. அடுத்தநாள் காலை இரைப்பையையும் பார்த்தார்கள், அங்கேயும் இல்லை. மிஞ்சியது குடல். குடலுக்குள் போனது ஒரே ஒரு வழியால்தான் வரும். நோயாளிக்கு வயிற்றோட்டம். பிழை என்னுடையதானபடியால் அந்தத் தேடுதல் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். ஒரு மரக்கரண்டியும் இரட்டைக் கையுறையும் என்பதற்குமேல் நான் விவரிக்கப்போவதில்லை.

சம்பவ அறிக்கையை வெள்ளிக்கிழமையே எழுதியிருந்தேன். 'பல் பற்றிக் கேட்க மறந்தது நான்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். டொக்டர் வாசித்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அவரும் கையொப்பமிட்டார். குழாயை இறக்கியவன் என்ற முறையில் கேட்கவேண்டிய பொறுப்பு எனக்கும் இருந்தது, நானும் கேட்கவில்லை என்பதுதான் அந்த வரி.

சனிக்கிழமை பின்னேரம் சவுதா உம்மாவின் சுவாசக் குழாயை எடுத்தோம். கண் விழித்தார், தண்ணீர் கேட்டார், நாக்கால் முரசைத் தடவினார்.

"என்ட பல்லெங்க?"

டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். "அம்மா, உங்களுக்கு உயிராபத்தா இருந்தது. அந்த அவசரத்தில பல்லுச் செட்டைப் பாக்காமல் வாய்க்குள்ளால குழாய் விட்டிட்டம். வயித்துக்குள்ள போயிருக்கலாம். பிழை எங்களில."

சவுதா உம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் பிரிவில் அவர் இராசாத்தி. யன்னலோரக் கட்டில் கேட்டார், கொடுத்தோம். கஞ்சிக்குச் சீனி காணாதென்றார், வேறு கஞ்சி வந்தது. டொக்டர் காலையும் மாலையும் வந்து வயிற்றைத் தடவி, "நோகுதோ?" என்று கேட்டார். வெற்றிலையை விடச் சொன்னபோது மட்டும் உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பல்லையும் எடுத்திட்டீங்க, வெத்திலையையும் எடுக்கப் பாக்கீங்க." டொக்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். நான் கரண்டியோடு வேலையைத் தொடர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கையைக் காட்டினார்.

"மிஸி, இஞ்ச வாங்ககா. ஆருக்கிட்டயும் செல்லப்படா. பல்லு வீட்டதான் கிடக்கு."

"என்ன?"

"சத்தி எடுக்கக்குள்ள விழுந்திரும் எண்டு நான்தான் கழட்டித் தேயிலைப் போத்தலுக்குள்ள போட்டன். பரீனாக்குத் தெரியா."

கேட்டேன்: "இது எப்ப ஞாபகம் வந்த?"

"ஞாயித்துக்கிழமை."

"இண்டைக்குச் செவ்வாய் உம்மா! ரெண்டு நாளா நான் அந்தக் கரண்டியோட..."

"கண்டன் மகள்." அவருடைய முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. "ஆனா உண்மையச் சென்னா, சும்மா வாட்டுக்கு மாத்திப்போடுவீங்க. அங்க பெரிய டொக்டர் வந்து வகுத்தத் தடவிப் பாப்பாரா? என்ட புருஷன் மவுத்தாகி இருவது வருஷம். நோகுதா எண்டு ஆரும் கேட்டதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பும் வந்தது. சிரித்த சிரிப்பில் கையுறையோடு கண்ணைத் துடைக்கப் பார்த்து, உம்மாவே "சீ, கையக் கழுவுங்ககா" என்று தடுத்தார்.

டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப அந்த அறிக்கையைக் கிழிச்சிடவா சேர்? ஒண்டும் நடக்கல்லத்தானே."

"ஏன் கிழிக்கவேணும்? பல்லு வீட்டில இருந்தது எங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியா சேர்."

"கேட்டனாங்களோ?"

"இல்ல சேர்."

"அப்ப அறிக்கை சரி." அதை அறிக்கைகள் வைக்கும் கோவைக்குள் வைத்து மூடினார். ரஜனி எழுதவேண்டாம் என்று சொன்னது இந்த அறிக்கையை நினைத்துத்தான். அது இன்றைக்கும் அந்தக் கோவைக்குள் எங்கள் இரண்டு கையொப்பத்தோடும் இருக்கவேண்டும். புதிய பிள்ளைகள் எடுத்து வாசிக்கலாம்.

அன்று பின்னேரமும் டொக்டர் யன்னலோரக் கட்டிலுக்குப் போனார். எல்லாம் தெரிந்துகொண்டே வயிற்றைத் தடவி, "நோகுதோ அம்மா?" என்று கேட்டார். சவுதா உம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கொஞ்சம்" என்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு மாங்கேணியிலிருந்து ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். பிரஷர் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் நினைவு இருந்தது. நான் குழாய்ப் பெட்டியைத் திறக்க முதல், "ஐயா, கழட்டுற பல்லு இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். டொக்டர் குனிந்து, "ஐயா, கழட்டுற பல்லு இருக்கோ?" என்றார். இல்லை என்றார். பக்கத்தில் நின்ற இளம் டொக்டர், அன்று கண்ணை மூடிக்கொண்ட அதே பிள்ளை, டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையும் கேட்டார்.

அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு, எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கட்டிலருகே நின்ற மனைவியிடம் திரும்பிச் சொன்னார்:

"அடியே, இது பல்லு ஆஸ்பத்திரி. பிழையான இடத்துக்குக் கொண்டந்திட்டாய்."